எங்கள் பொங்கல் பானைகளை எங்களிடமே விட்டுவிடுங்கள்: குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டேன். வரும் பொங்கலன்று கார் நிறுத்துமிடத்தில் யாரும் தனியாகப் பானை வைக்கக் கூடாது என்கிறீர்கள். ஒரு ஈவென்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் வந்து, காலை 9.30 முதல் 11.30 வரை மேடை போட்டு, ஒரே ஒரு பெரிய பானையில் பொங்கல் வைக்கும். சிறப்பு விருந்தினர் அடுப்பைப் பற்றவைப்பார். கோலத்துக்கு வீட்டுக்கு நான்கடிக்கு நான்கடிக் கட்டம், அதற்கு ஒரு தலைப்பு, மூன்று நடுவர்கள். செலவுக்கு வீட்டுக்கு 1,800 ரூபாய் ஜனவரி மெயின்டனன்ஸ் பில்லில் சேர்ந்து வரும்.

காரணமாக நீங்கள் எழுதியிருந்த கடைசி வரிதான் என்னை உட்கார விடவில்லை. ‘இதுவரை ஒழுங்கில்லாமல் நடந்துவந்த விழாவை முறைப்படுத்துவதற்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விழாவின் முதல் அடுப்பை மூட்டியவள் நான். அதில் ஒழுங்கு நிறையவே இருக்கிறது. யாரும் எழுதி வைக்காததால் உங்கள் கண்ணில் படவில்லை.

2012 ஜனவரியில் இங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். திருவாரூர்ப் பக்கத்து மனுஷி. சூரியன் பார்க்காத இடத்தில் பொங்கல் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எங்கள் பால்கனி மேற்கு பார்த்தது. மொட்டை மாடிக்குப் பூட்டு. கடைசியில், கட்டட வேலையில் மிஞ்சிக் கிடந்த செங்கல் மூன்றை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், கிழக்கே வானம் தெரிகிற இடமாகப் பார்த்து அடுப்பு வைத்தோம். வெண்கலப் பானை ஒன்று, மஞ்சள் கொத்து, சார்த்திவைக்க இரண்டு கரும்பு. அவ்வளவுதான். பால் பொங்கியபோது நானும் என் கணவரும் மாமியாரும் வாட்ச்மேனுமாக நாலே பேர் ‘பொங்கலோ பொங்கல்’ சொன்னோம். முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு தெலுங்குக்கார அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவரும் பானையோடு இறங்கி வந்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் ஒன்பது பானை. போன தை மாதம் நான் எண்ணியபோது முப்பத்தெட்டு. இதற்காக யாரும் நோட்டீஸ் போட்டதில்லை, கூட்டம் கூட்டியதும் இல்லை.

சரி, முப்பத்தெட்டுப் பேர் ஒரே இடத்தில் நெருப்பு மூட்டுகிறோமே, இடத்துக்கு ஏன் ஒரு தடவைகூடச் சண்டை வரவில்லை? முதல் நாள் ராத்திரியே இறங்கிவந்து கோலம் போட்டு, செம்மண் பூசிவிட்டுப் போகிறோம். கோலம் யாருடையதோ இடமும் அவர்களுடையது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். துண்டையாவது சிலர் எடுத்துப் போட்டுவிட்டு உட்காருவார்கள். இன்னொருத்தர் கோலத்தை மிதிக்க இங்கே யாருக்கும் மனசு வராது. பெரிய கோலம் போட்டால் பெரிய இடம் கிடைக்குமே என்று ஒரு வருஷம் ஒருவர் முயன்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கோலத்தின் ஓரத்திலேயே தங்கள் புள்ளிகளையும் சேர்த்து இழுத்து ஒரே கோலமாக்கிவிட்டார்கள். இப்போது அந்த மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்தே போடுகிறார்கள்.

நேரத்துக்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகள் விடிவதற்கு முன்பே பானையை ஏற்றிவிடும். டெல்டாக்காரர்கள் நாள்காட்டியைக் கிழித்து நல்ல நேரம் பார்த்துவிட்டுத்தான் அசைவார்கள். ஏழு மணி டியூட்டிக்குப் போகும் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவர் ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும். வயசானவர்கள் பனி விலகிய பிறகு வருவார்கள். முதல் சுற்று முடித்தவர்கள் தணலை அணைக்காமல் அடுத்தவருக்கு விட்டுப் போகிறார்கள். நாலரையிலிருந்து எட்டரை வரை இப்படியே தன் போக்கில் ஓடுகிறது. உங்கள் 9.30 மணி இவர்களில் யாருக்குமே பொருந்தாது. அந்த நர்ஸ் அப்போது வார்டில் இருப்பார்.

பொருளாதாரம் படித்த என் மகளிடம் இதைச் சொன்னபோது, இதற்குத் ‘தன்னியல்பான ஒழுங்கு’ என்று ஒரு பெயரே இருக்கிறது என்றாள். 1974இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹயெக் என்பவர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாராம். ஆயிரம் பேரிடம் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிற விவரத்தை ஓர் அலுவலகம் முழுதாகத் திரட்டிக்கொள்ள முடியாது, ஆனால் அவரவர் தமக்குத் தெரிந்ததை வைத்து நடந்துகொள்ளும்போது அத்தனை விவரமும் பயன்பட்டுவிடுகிறது என்பது அவர் வாதம். அவருடைய மற்றக் கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்வேனா என்று தெரியாது. இந்த ஒன்று மோட்டார் ரூம் பக்கத்தில் நான் கண்ணால் பார்த்தது. நர்ஸின் டியூட்டி நேரம் உங்கள் செயற்குழுவில் யாருக்குத் தெரியும்? அவருக்குப் பக்கத்தில் பானை வைக்கிற அம்மாவுக்குத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2019இல் என் கணவர் காலமானார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்த வழக்கம். 2020 பொங்கலுக்கு நான் கீழே இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். இருபதுக்கு மேல் பானைகள் இருந்தன, இட நெருக்கடி வேறு. ஆனாலும் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக அடுப்பு வைக்கிற இடம் காலியாகவே இருந்தது. யாரும் அங்கே கோலம்கூடப் போடவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கு மேல் கதவு தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் பொங்கல் வந்தது. யாரும் ‘ஹேப்பி பொங்கல்’ சொல்லவில்லை. ‘சாப்பிடுங்கக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தை மாதம் நான் இறங்கி வந்தபோது என் இடத்தில் யாரோ தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

அந்த இடத்தை விட்டுவைக்கச் சொல்லி எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை. உங்கள் திட்டப்படி பார்த்தால், அப்படிப்பட்ட வீட்டுக்கும் 1,800 ரூபாய் பில் வரும். ஒலிபெருக்கிச் சத்தமும் அவர்கள் ஜன்னல் வரைக்கும் போகும்.

இங்கே நடக்கிற வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். சி பிளாக்கில் ஒரு மராட்டியக் குடும்பம் இருக்கிறது. சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, ‘இதைச் சாப்பிட்டு இனிமையாகப் பேசுங்கள்’ என்று சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். முதல் வருஷம் தயங்கித் தயங்கி நான்கு பேருக்குக் கொடுத்தார்கள். இப்போது அவர்கள் எள்ளுருண்டை வராமல் எங்கள் இலை நிறைவதில்லை. மேல் மாடிப் பஞ்சாபிக் குடும்பத்துக்கு லோஹ்ரி என்கிற நெருப்புப் பண்டிகை வருகிற சமயத்தில்தான் நமக்குப் போகி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே சிறு நெருப்பு மூட்டுகிறார்கள். ஒரு காலத்தில் போகிக்கு இங்கே டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தன. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்த செய்தியைப் பிள்ளைகளே பெற்றோரிடம் காட்டினார்கள். அதற்கப்புறம் பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் மட்டும்தான்.

அப்புறம் அந்தத் தூக்குப் பாத்திரங்கள். பொங்கல் கொண்டுபோன தூக்கை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஏ பிளாக் பாய் வீட்டுக்குத் தையில் போன தூக்கு, ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியோடு திரும்பி வரும். நாங்கள் யாரும் அதை மத நல்லிணக்க நிகழ்ச்சி என்று நினைத்ததில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது, அவ்வளவுதான்.

வாட்ச்மேன் வீட்டுப் பானையும், துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்கள் இருவரின் பானைகளும் 2016இலிருந்து எங்கள் வரிசையில் இருக்கின்றன. வேலைக்கு வருகிற இடத்திலேயே பிள்ளைகளைக் கூட்டிவந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். புதிய திட்டத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினேன். ‘பரிமாறுதல் மற்றும் தூய்மைப் பணி: ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள், சீருடையில்’ என்ற வரியில் இருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைத்து எழுத மாட்டேன். பத்து வருஷமாக எங்களோடு பானை வைத்தவர்களை ஒரே தாளில் பந்திக்கு ஏவலாட்களாக மாற்றிவிட்டீர்கள். அது உங்கள் நோக்கம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் நடக்கப் போவது அதுதான்.

நீங்கள் சொல்லும் காரணங்களில் நியாயமானவையும் உண்டு. போன வருஷம் சாம்பலை மழைநீர்க் கால்வாயில் கொட்டிவிட்டோம், அது அடைத்துக்கொண்டது. மூன்று கார்களில் கரி படிந்தது. முதல் மாடியில் வீசிங் இருக்கிற குழந்தைக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் உண்மை, தவறு எங்களுடையது. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். புகை அவர்கள் ஜன்னலுக்குப் போகாத மூலைக்கு நகர்ந்துகொள்கிறோம், ஈர விறகு கொண்டுவர மாட்டோம் என்று ஒப்புக்கொண்டோம். நெருப்புப் பாதுகாப்பிலும் நாங்கள் அசட்டையாக இருந்ததில்லை. 2014இல் ஒருவரின் சேலைத் தலைப்பில் பொறி பட்டது, நல்லவேளை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அடுப்புக்கும் அடுப்புக்கும் இரண்டு முழம் இடைவெளி, நைலான் புடவை கூடாது, நடுவில் மணல் வாளி என்று தானாகவே வந்துவிட்டது. அந்த மணல் வாளிகளை யார் வாங்கி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேலே இருந்து ஒரே நேரத்தை எல்லோருக்கும் நிர்ணயித்தால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் பட்டாசு வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. காற்று மாசைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிழையே இல்லை. ஆனால் நம் ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, விடியலில்தானே முதல் சரத்தைக் கொளுத்துகிறோம்? அந்தத் தீர்ப்பில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. தமிழக அரசு போய் முறையிட்ட பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றமே சொன்னது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் உத்தரவைத் திருத்திக்கொண்டது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. நம் சங்கமும் அதைச் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

நிர்வாகம் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காணும் பொங்கலன்று மெரினாவைப் பாருங்கள். யாரும் அழைப்பிதழ் அடித்து அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதில்லை. கட்டுச் சோறும் கரும்புமாகக் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்காருகிறார்கள். காவல்துறை கடலில் இறங்காதபடி தடுப்புக் கட்டுகிறது. காணாமல் போனால் கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் கையில் பெற்றோர் தொலைபேசி எண்ணோடு பட்டை கட்டிவிடுகிறது. யார் எங்கே உட்கார வேண்டும், எத்தனை மணிக்குப் புளிசாதத்தைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அரசு பொங்கல் பரிசு தருவதையும் பாருங்கள். ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு என்று கொடுத்தார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. எந்த அடுப்பில், எந்தத் திசை பார்த்து, வெல்லத்தை எப்போது போடுவது என்பது நம் வீட்டுப் பாடு. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி கொடுப்பதும் அப்படித்தான். ஊருக்கு ஊர் கஞ்சியின் ருசி வேறு, அதில் யாரும் கை வைப்பதில்லை.

இந்த அளவு உதவியைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். ஒரு தடவை பணம் கட்டி வேடிக்கை பார்க்கப் பழகிவிட்டால், மறுவருஷம் கோலப்பொடியோடு ராத்திரி பதினோரு மணிக்குக் கீழே இறங்க யாருக்கும் தோன்றாது. அதற்கடுத்த வருஷம் அந்த நிறுவனம் கூடுதல் பணம் கேட்டு, நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தால், நம் குடியிருப்பில் பொங்கலே இருக்காது. செங்கல்லை எங்கே அடுக்குவது, யாருக்குத் தணல் விட்டுப் போவது என்பதெல்லாம் செய்துகொண்டிருந்தால்தான் கையில் நிற்கும். நான்கு வருஷம் விட்டால் போய்விடும். என் மாமியார் ஊரில் ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் சப்பரம் செய்து இழுத்தார்கள். இப்போது அந்தத் தெருவில் சப்பரம் கட்டத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஆகவே, என் கோரிக்கைகள் இவை.

தனிப் பானைகளுக்கும் கோலங்களுக்கும் விதித்த தடையை, மார்கழி 15ஆம் தேதிக்குள் எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். பானை வைக்கிறவர்கள் அப்போதுதான் விறகும் மண்பானையும் வாங்கப் போவார்கள், தாமதம் வேண்டாம். 1,800 ரூபாயை மெயின்டனன்ஸ் பில்லிலிருந்து நீக்குங்கள். மேடை நிகழ்ச்சி வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தை நான் மறுக்கவில்லை. அதை காணும் பொங்கல் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் மட்டும் பணம் கட்டட்டும். நாங்களும் வந்து கை தட்டுகிறோம்.

பொங்கலன்று விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கிழக்கு வரிசைக் கார்களை வேறிடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். மோட்டார் ரூம் பக்கம் ஒரு விளக்கும் ஒரு தண்ணீர்க் குழாயும் தேவை. தீயணைப்பான் இரண்டை அங்கே வைத்து, அதை இயக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். சாம்பலைக் கொட்டப் பழைய இரும்பு டிரம் ஒன்று கொடுத்தால் போதும், அள்ளிக் கழுவி ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார்.

வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அன்று காலை ஒன்பது மணி வரை வேலை ஒதுக்காதீர்கள். சீருடையில் பரிமாறும் ஏற்பாட்டை அடியோடு கைவிடுங்கள்.

கடைசியாக, முடிவெடுப்பதற்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையாக இருந்தால் எல்லோராலும் வர முடியும். முதல் மாடிக் குழந்தையின் அம்மாவையும், நர்ஸையும், துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்களையும் பேச அழையுங்கள். இடம் மோட்டார் ரூமுக்குப் பக்கமாகவே இருக்கட்டும். யாருடைய அடுப்பு எங்கே இருக்கும் என்று நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
2012இலிருந்து பி பிளாக்கில் குடியிருப்பவள்